சீலனின் கொடி

மணல் குழியின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கொடி. கையகலத் துணி, ஒரு மூங்கில் குச்சி. தை மாத வெயில் அதன்மேல் விழுகிறது. காற்று வந்தால் லேசாக ஆடுகிறது.

அது சீலனின் கொடி. நீளம் தாண்டுவதில் கல்லூரிச் சாதனை எதுவரை என்று காட்ட, ஆண்டு விளையாட்டு விழா அன்று மட்டும் அதை நடுவார்கள். ஒலிபெருக்கியில் அவன் பேரும் வரும். அதைக் கேட்கத்தான் தங்கை ரூபி ஒவ்வொரு தையிலும் பாளையங்கோட்டை மைதானத்துக்கு வருகிறாள்.

அந்தக் காலத்துச் சாயங்காலங்கள். அவன் தாண்டத் தாண்ட அவள் மணலைச் சமன் செய்வாள். குதிகால் தடம் எங்கே விழுந்தது என்று முதலில் பார்ப்பது அவள் கண்தான். ஒரு விரல் குறைந்தாலும் சொல்லிவிடுவாள். அவன் முறைப்பான். பிறகு சிரிப்பான்.

சாதனை படைத்த அன்று மழைத் தூறல். ஓடி வந்தான். பலகையை மிதித்தான். எழுந்தான். இறங்க மனசே இல்லாதவன் போல எழுந்தான்.

பிறகு விமானப்படை. லீவில் வந்தால் தெருவே சுற்றி நிற்கும். மேலே பறப்பது எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். நீளம் தாண்டுகிற மாதிரிதான், என்ன, இறங்கக் கொஞ்சம் லேட்டாகும் என்பான். அந்தப் பேச்சில் மயங்காத பெண் தெருவில் இல்லை.

எழுபத்தொன்று. டிசம்பர். போர். எல்லையோரத் தளத்திலிருந்து, பனி விலகிய ஒரு காலையில் கிளம்பினான். திரும்பவில்லை. விமானமும் கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை.

தந்தி வந்த அன்று அம்மா ஒருவரையும் அழ விடவில்லை. "எம்பிள்ள வருவான். இந்த வீட்ல யாரும் அழப்படாது" என்றாள். சாகும்வரை அதே பேச்சு. கல்லறைத் தோட்டத்தில் அவனுக்குக் கல் இல்லை. வீட்டுப் படத்துக்கு மாலை இல்லை. இந்த மண்ணில் அவன் பேருக்கு ஊன்றியது அந்தக் கொடி ஒன்றுதான்.

அதனால் வருஷா வருஷம் ரூபி குழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆண்டவரே, இந்த வருஷமும் யாரும் அந்தக் கொடியைத் தாண்டிவிடக் கூடாது. அடுத்த வீட்டுப் பிள்ளை தோற்க வேண்டும் என்று ஜெபிப்பது பாவம். தெரிந்தேதான் ஜெபித்தாள்.

இந்த வருஷம் வந்தான் ஒருவன். இசக்கிமுத்து. ஒடிசலான உடம்பு, ஒட்டுப்போட்ட ஷூ. ஓடி வந்தான். மிதித்தான். எழுந்தான். அந்த எழும்பலை ரூபி முன்பே பார்த்திருக்கிறாள்.

குதிகால் தடம் கொடியைத் தாண்டி விழுந்திருந்தது. அதிகமில்லை, இரண்டு விரல் அகலம்.

டேப்பைப் பிடித்தவர் துரைப்பாண்டி. சீலனோடு படித்தவர், இப்போது அதே கல்லூரியில் விளையாட்டு ஆசிரியர். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து ரூபியைப் பார்த்தார். பிறகு அளவைச் சொன்னார். சாதனைக்குக் கொஞ்சம் குறைவாம்.

பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தான். மணலைச் சமன் செய்ய ஒருவன் மண்வெட்டியோடு வந்தான். ஒரே இழுப்பு, தடம் அழிந்துவிடும். கொடி தப்பித்துவிடும். ரூபி சும்மா இருந்தால் போதும்.

அவள் எழுந்து போய்க் குழிமுன் நின்றாள்.

"அண்ணே, இன்னொரு தடவ பிடிங்க."

துரைப்பாண்டி குரலைத் தாழ்த்தினார். "உனக்காகத்தானம்மா..."

"தெரியுதுண்ணே. சீலண்ணனுக்கே கொறஞ்சா கொறஞ்சதுன்னு சொன்னவ நான். இந்தப் பிள்ளைக்கு மட்டும் வாய மூடிக்கிட்டு இருப்பனா? பிடிங்க."

பிடித்தார். இந்த முறை உள்ளதை உள்ளபடி சொன்னார். மைதானமே எழுந்து கை தட்டியது. இசக்கிமுத்து நம்பாமல் திரும்பிப் பார்த்தான்.

கொடியை ரூபியே பிடுங்கினாள். பிடுங்கும்போது அழுகை வந்தது. அடக்கவில்லை. அம்மா அன்றைக்கு அடைத்துவைத்த அழுகை. அவ்வளவு பேர் முன்னால், அண்ணன் செத்துப்போனான் என்று முதல் தடவையாக அழுதாள்.