பறந்து வந்த பச்சைப் புள்ளி

கண்ணாடிக்காரருக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. அதுதான் பெரிய சங்கடமாகப் போய்விட்டது.

மலையோட்டப் பந்தயப் பாதையில் ஓடுபவர்களுக்காகப் போட்டிருந்த நான்காவது கூடாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சரிந்து கிடந்தார். டாக்டர் பெண் அவருடைய இடது கணுக்காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இங்க வலிக்குதா?"

"லேசா."

"இங்க?"

"அங்கயும் லேசா."

"வீக்கம் ஒண்ணும் இல்ல. பிரஷரும் நல்லாத்தான் இருக்கு. உப்புத் தண்ணி குடிச்சிட்டு, ஏதாவது சாப்பிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுக் கிளம்புங்க."

"இந்தக் காலையும் ஒரு தடவ பாத்துடுங்களேன்," என்று அவர் வலது காலை நீட்டினார். ஒரே ஒரு சுளுக்கு கிடைத்தால் போதும், மனிதர் பந்தயத்தை விட்டு நிம்மதியாக இறங்கிவிடுவார். சுளுக்கோடு இறங்கியவனை ஊர் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகும். சும்மா இறங்கியவனை என்ன செய்யும்? அவள் அதையும் பொறுமையாகப் பார்த்தாள்.

"ரெண்டுமே நல்ல கால்தாங்க," என்றாள்.

இவர் இப்படி மாட்டிக்கொண்டதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆறு மாதமாகத் தன் கண்ணாடிக் கடைக்கு வந்தவர்கள் ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. கண் பரிசோதனை அறை இருட்டானது, குறுகலானது. வந்தவர் மூக்கில் கனமான சோதனை பிரேமை மாட்டி, தலையை அசைக்காமல் உட்காரச் சொல்லிவிட்டால் அவரால் எழுந்து ஓடவும் முடியாது. "இது தெளிவா, அது தெளிவா?" என்று ஒரு லென்ஸை எடுத்து இன்னொன்றைப் போடுவதற்குள் பந்தயக் கதை ஒரு மலை ஏறியிருக்கும். அறுபது கிலோமீட்டர், எல்லாம் மேடு பள்ளம், ரோடு கிடையாது, காடுதான் என்பார். பவர் மாறாதவர்கள்கூடப் போதும் சாமி என்று புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடையோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வீட்டிலும் அதே பாட்டுத்தான். மகள் பத்து வயதுக்காரி, நீச்சல் வகுப்பை நிறுத்திவிடட்டுமா என்று ஒருநாள் கேட்டாள். மூக்கில் தண்ணீர் போகிறது, பயமாக இருக்கிறது என்றாள். இவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"பாதியில விடற பழக்கம் நம்ம வீட்ல யாருக்கும் கிடையாது. உங்கப்பன் ஒரு மலையையே ஓடி முடிக்கப் போறான். உனக்கு ஒரு தொட்டியைத் தாண்ட முடியலையா?"

அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மகள் திருந்திவிட்டாள் என்று இவர் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டார். உலகத்தில் யார் முன்னால் தோற்றாலும் துடைத்துக்கொண்டு போய்விடலாம். அவள் முன்னால் மட்டும் தோற்க முடியாது என்று ஆகிவிட்டது.

நடந்தது என்னவோ சாதாரணமான விஷயம்தான். முதல் ஏற்றத்தில் இளவட்டங்களோடு போட்டிபோட்டுக்கொண்டு ஏறினார். இரண்டாவது ஏற்றத்தில் தொடை இரண்டும் மரக்கட்டையாகி, குடித்ததெல்லாம் ஒரு முள்புதரில் வெளியே வந்தது. வேகவைத்த உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டே ஒரு நரைமுடி அம்மாள், "பாத்து வாங்க தம்பி," என்று சொல்லி அவரைத் தாண்டிப் போனார். எப்படியோ தட்டுத்தடுமாறிக் கூடாரத்துக்கு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது ஏற்றம் கண்ணெதிரே செங்குத்தாக நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. வேறொரு காரணமும் கிடையாது.

"நான் இறங்கிக்கறேன்," என்று கூடாரத்துப் பெண்ணிடம் சொன்னபோது குரல் அவருக்கே கேட்கவில்லை. அவள் இரண்டாவது முறை சொல்லவைத்தாள். பிறகு அவர் நெஞ்சில் குத்தியிருந்த நம்பர் அட்டையின் மூலையைக் கத்தரித்தாள். விலகியவர்களுக்கு அதுதான் அடையாளம். பையில் கட்டியிருந்த டிராக்கரையும் அவள் வாங்கியிருக்க வேண்டும். ஓடுபவர் எங்கே இருக்கிறார் என்று வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரு பச்சைப் புள்ளியாகக் காட்டுகிற பெட்டி அது. அந்த நேரம் பார்த்து, கை உடைந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் அந்தப் பக்கம் ஓடினாள். டிராக்கர் பையிலேயே இருந்துவிட்டது.

விலகியவர்களை முடிவுக்கோட்டுக்கே கொண்டுபோய்விடும் வேன் அரை மணி நேரத்தில் புறப்பட்டது. கை உடைந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தார். இன்னும் ஓடியிருப்பேன், விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்று புலம்பினார்.

"உங்களுக்கு என்னங்க ஆச்சு?"

"முட்டி," என்றார் கண்ணாடிக்காரர். கேட்டவர் அதற்கும் வருத்தப்பட்டார்.

மண்சாலை, ஓட்டப் பாதையை ஒட்டியே வளைந்து இறங்கியது. பாதி மலையில் போனுக்குச் சிக்னல் வந்தது. வந்ததுதான் தாமதம், சட்டைப்பை துடிதுடித்தது.

"மாமா, இறக்கத்துல பறக்கறீங்க," என்று மச்சான் போட்டிருந்தான்.

"சார், உங்க புள்ளியைப் பாத்தே எனக்கு மூச்சு வாங்குது," என்றான் கடைப்பையன்.

"வேகம் வேண்டாங்க, பாத்து கால வச்சு இறங்குங்க. நாங்க முடியற எடத்துக்கு வந்துட்டோம்," என்று மனைவி எழுதியிருந்தாள்.

அவருக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பையைத் தடவிப் பார்த்தார். டிராக்கர் பத்திரமாக இருந்தது. வேன் போகிற வேகத்தில் பச்சைப் புள்ளி மலையிலிருந்து உருண்டு வந்துகொண்டிருந்தது. ஓட்டம் என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால் அப்போதே குட்டு உடைந்திருக்கும். இவர் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை.

"நான் வேன்ல வர்றேன்" என்று எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார், மறுபடி அழித்தார். கடைசியில் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்பிவைத்தார். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, அதனால் அது பொய் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மையைச் சொன்னால், அடுத்த பத்து நிமிடம் அந்தப் புள்ளி ஓடிய ஓட்டம் அவருக்கே பெருமையாகத்தான் இருந்தது. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

முடிவுக்கோட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது, "இங்க நிறுத்துங்க," என்றார்.

"இங்க எதுக்குங்க? ரெண்டு திருப்பம்தானே?"

"கொஞ்சம் நடந்தா தேவலை போலிருக்கு."

டிரைவர் கண்ணாடி வழியாக அவரை ஒரு பார்வை பார்த்தார். "இறங்குங்க. வருஷா வருஷம் இந்த எடத்துல நாலு பேராவது இறங்கத்தான் செய்யறாங்க," என்றார்.

இருந்தாலும் அவர் இறங்கினார். தொடை மடங்காததால் முகத்தை வேனுக்குள் வைத்துக்கொண்டு, பின்பக்கமாகச் சறுக்கி இறங்கினார். நம்பர் அட்டையில் வெட்டுப்பட்ட மூலையை உள்ளே மடித்துவிட்டுத் திரும்பினார். பாதையோரக் கல்லில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"கடைசி கொஞ்ச தூரம் பிள்ளைங்களும் கூட ஓடலாமாம்," என்றாள். "அதான் இங்க வந்து நின்னேன்."

"பாப்பா, அது வந்து..."

அவள் போகிற வேனைப் பார்த்தாள். பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"யாரும் பாக்கலப்பா. ஆனா உங்க சட்டை காஞ்சுபோயிருக்கு. தண்ணி இருந்தா முகத்துலயும் கழுத்துலயும் தெளிச்சுக்கங்க. இல்லன்னா அம்மா கண்டுபிடிச்சுடுவாங்க."

"இதெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அவள் கொஞ்ச நேரம் கல்லைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் நீச்சலுக்குப் போயே ரொம்ப நாளாச்சுப்பா. துணி மாத்தற ரூம்ல பெஞ்சுல உட்கார்ந்திருப்பேன். முடியற நேரத்துல குழாய்ல தலைய நனைச்சுக்குவேன். துண்டையும் நனைக்கணும், அம்மா அதைத்தான் மொதல்ல பாப்பாங்க." பிறகு பெரிய மனுஷிபோல ஒப்பந்தம் பேசினாள். "நீங்க என்னைச் சொல்லாதீங்க. நானும் உங்களைச் சொல்லமாட்டேன்."

தினமும் சாயங்காலம் அந்த ஈரத்தலையைத் தடவிக் கொடுத்து, "என் பொண்ணுடா," என்று சொன்னவர் அவர். மற்ற பிள்ளைகள் தண்ணீரில் கூத்தடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஒரு பெஞ்சில் தனியாக, மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளையை அவர் நினைத்துப் பார்த்தார். இரண்டாவது ஏற்றம் தந்த வலியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கூனிக்குறுகிப் போனார்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாதையை விட்டு விலகி, வேடிக்கை பார்ப்பவர்கள் நிற்கிற பக்கமாக நடந்தார்.

"அப்பா, ஓடற வழி அந்தப் பக்கம்," என்று அவள் இழுத்தாள். அவர் நிற்கவில்லை.

மனைவியும் மச்சானும் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மச்சான் போனைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான்.

"என்ன மாமா, இந்தப் பக்கமா வர்றீங்க?"

"நான் ஓடி வரல. நாலாவது கூடாரத்துலயே விட்டுட்டேன். வேன்ல வந்தேன்."

"அடிகிடி பட்டுடுச்சா?"

"ஒண்ணும் படல. முடியல, விட்டுட்டேன்."

"அப்ப அந்தக் கட்டைவிரல்?"

"அதுவும் வேன்ல இருந்துதான்."

மச்சான் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். சொல்லிவிட்டோம் என்று அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. யோக்கியனாகிவிட்ட திருப்திகூட எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் மகளின் கை தன் கையில் இல்லை என்று தெரிந்தது. அவள் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. தன்னுடையதையே போட்டு உடைத்துவிட்ட மனிதர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் முட்டி நோக அவளுக்கு முன்னால் குனிந்தார்.

"உன்னோடதை நான் சொல்லமாட்டேம்மா," என்று காதோடு சொன்னார். "நீ இனிமே போகவும் வேண்டாம்."

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் நம்பவில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. நம்பும்படி அவர் இதுவரை எதுவும் செய்ததில்லை.