பட்டியலில் இல்லாத ஆள்

எண்பத்து நாலு, மாசி மாதம். தேரடித் தெரு லாட்ஜில் ஒரு வெள்ளைக்காரன் வந்து பையை இறக்கினான். கவுன்டரில் இருந்த மேனேஜர் மஸ்தானுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஹென்றிக்! தாடி நரைத்திருந்தது, குரல் அதே குரல்.

எழுபத்தாறில் மஸ்தான் பாண்டிச்சேரியில் ஓட்டல் சமையல்காரன். தன் பாய்மரப் படகில் சமைக்க ஹென்றிக் அவனைக் கூப்பிட்டான். பாஸ்போர்ட் இல்லையே என்றதற்கு, "போற இடத்துல நான் பாத்துக்கறேன்" என்றான். நாற்பது நாள் கடல். மஸ்தான் சமைத்தான், பாய் இழுத்தான், ஹென்றிக் காய்ச்சலில் கிடந்தபோது வாந்தியை அள்ளிக் கொட்டினான். ஆப்பிரிக்கக் கரையில் ஒரு துறைமுகத்தில் அதிகாரிகளைச் சோதனைக்கு அழைக்கும் மஞ்சள் கொடியைக் கட்டி நின்றார்கள். அதிகாரிகள் படகில் ஏறி, ஆட்கள் பட்டியலைக் கேட்டார்கள். அதில் ஒரே பெயர்தான், ஹென்றிக்குடையது.

"இவன் யார்?"

"தெரியாது. ஒளிஞ்சு வந்திருக்கான்" என்றான் ஹென்றிக்.

பதினோரு மாதம் சிறை. மஸ்தான் ஊர் திரும்பியபோது அம்மா மௌத்தாகி மூன்று மாதம் ஆகியிருந்தது.

இப்போது ஹென்றிக்குக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. படகு பாண்டிச்சேரியில் நிற்கிறதாம். அவன் நீட்டிய துறைமுகச் சீட்டில், பாண்டிச்சேரியைத் தாண்டக் கூடாது என்று அச்சடித்திருந்தது.

"மலையைப் பாத்துட்டுப் போயிடுவேன். போலீசுக்கு எழுதாதீங்க."

"கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தான் மஸ்தான். மலை தெரியும் அறையாகப் பார்த்துக் கொடுத்தான். பிறகு வெளிநாட்டார் பாரத்தை அழகாக நிரப்பி, சைக்கிளில் தானே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனான்.

பத்து மணிக்கு ஏட்டு ஹென்றிக்கைக் கீழே இறக்கி வந்தார். மஸ்தான் எதிரே போய் நின்றான்.

"என் பேரு மஸ்தான். உங்க படகுல சமைச்சவன்."

ஹென்றிக்கின் முகம் வெளுத்தது. "அன்னிக்கு பயந்துட்டேன். என்னை மன்னிச்சிடு. இவங்ககிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லு."

மஸ்தான் ஏட்டைப் பார்த்தான். "ஏட்டய்யா, எழுபத்தாறுல இவரு ஒரு ஆளை பாஸ்போர்ட் இல்லாம கூட்டினு போனாரு. அந்த ஆளு நான்தான். எழுதிக்குங்க."

"யோவ், நீயும்தான் மாட்டுவே."

"மாட்டறேன்."

பாண்டிச்சேரியில் படகைப் பிடித்து வைத்தார்கள். கேஸ் இழுத்தது. லாட்ஜ் முதலாளி மஸ்தானை வேலையை விட்டு நிறுத்தினார். அவனுக்கும் அபராதம் விழுந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறிப் போய், கூண்டில் வாடி நிற்கும் ஹென்றிக்கைக் கண்ணாரப் பார்த்துவிட்டு வருவான்.

"வேலையும் போச்சு. இப்பவாவது தூக்கம் வருதாங்க?" என்று கேட்டாள் மனைவி பீபி ஜான்.

"நல்லா வருது" என்றான் மஸ்தான். அது பொய்யில்லை.