மேனேஜர் பார்த்த பாதிப் படங்கள்

டைல்ஸ் ஷோரூம் மேனேஜருக்கு சினிமாவைப் பற்றித் தெரியாதது எதுவுமே இல்லை, இடைவேளைக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதைத் தவிர.

வெள்ளிக்கிழமை படம் வந்தால் சனிக்கிழமை அவர் தியேட்டரில் இருப்பார். கூடவே அவர் மனைவியும் இருக்க வேண்டும். விளக்கு அணைந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒளிப்பதிவு, ஒலி, வில்லனின் சட்டை நிறம் என்று அவள் காதுக்குள் ஓதிக்கொண்டே வருவார். இடைவேளையில் வெளியே போய் பெரிய பாப்கார்ன் பொட்டலம் ஒன்றை வாங்கி வருவார். அது தீர்ந்ததும் தலை மெதுவாகச் சாயும். அப்புறம் வாளைச் சுழற்றினாலும் சரி, வானமே இடிந்து விழுந்தாலும் சரி, ஆள் அசைய மாட்டார். அவள் தோளில் அவர் கன்னம் ஒட்டிக்கொள்ளும். இந்த ஊரில் வந்த அத்தனை கிளைமாக்ஸையும் அவள் ஒரு தோள் மரத்துப்போய்த்தான் பார்த்திருக்கிறாள்.

தூங்கினேன் என்று மட்டும் அவர் வாயிலிருந்து வராது. காரில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டு, வாத்தியார் மாதிரிக் கேட்பார்.

"முடிவு உனக்குப் புரிஞ்சுதா? சொல்லு பாப்போம்."

அவள் சொல்வாள். அண்ணன்தான் தம்பியைக் காட்டிக்கொடுத்தான், பேய் என்று நினைத்தது பேயே இல்லை, காதலர்கள் சேரவில்லை என்று விவரமாகச் சொல்வாள். அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டுவிட்டு, "ஓரளவுக்குப் புடிச்சுட்ட," என்பார். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் ஊசிமுனை அளவு அணுக்களைத் தேடிப் பிடிப்பவள். ஆனாலும் சினிமா விஷயத்தில் மட்டும் அவளுக்கு 'ஓரளவு'தான் மார்க்.

திங்கட்கிழமை ஷோரூமில் அதே முடிவு அவருடைய கருத்தாக அரங்கேறும். ஒவ்வொரு வகைப் படத்துக்கும் அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. திகில் படம் என்றால் பேய் இடைவேளைக்குள் முகத்தைக் காட்டிவிட வேண்டும். கொலைப் படத்தில் கொலைகாரன் யார் என்பது முக்கியமே இல்லை, அது சின்னப்பிள்ளைகளின் கவலை. காதல் படத்தில் முதல் பார்வைதான் படம், மற்றதெல்லாம் குடும்பத் தகராறு. போர்ப் படத்தில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்பவனுக்குக் கலை தெரியாது. இவற்றில் பாதி அவர் தூக்கத்தை முட்டுக்கொடுத்து நிறுத்துவதற்காகக் கட்டிய தூண்கள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அதையும் அவள் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஒருநாள் அவர் தங்கை வீட்டுக்காரர் சாப்பிட வந்திருந்தார். குழம்பைப் பரிமாறிக்கொண்டிருந்த மனைவியைக் காட்டி மேனேஜர், "இவளைக் கூட்டிட்டுப் போனா நான் படம் பாக்குறதா, இவளுக்கு விளக்கம் சொல்றதா மாப்ள? ஒரு முடிவும் இவ தலைக்குள்ள ஏறாது," என்று சொல்லிச் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

அந்தச் சனிக்கிழமை பார்த்தது ஒரு துப்பறியும் படம். மலை பங்களாவில் ஒரு பெண் காணாமல் போகிறாள், போலீஸ் அதிகாரி ஒருவர் அவளைத் தேடுகிறார். கடைசியில், அந்தப் பெண் புருஷன் தொல்லை தாங்காமல் தானாகவே கிளம்பிப் போய், வேறொரு ஊரில் தையல் கடை வைத்து நிம்மதியாக இருக்கிறாள் என்று முடியும். அவளுக்கு அந்த முடிவு ரொம்பப் பிடித்திருந்தது. அதை அவரிடம் கொடுக்க மனசு வரவில்லை.

"சொல்லு பாப்போம்," என்றார் காரில்.

"கொன்னது அந்தப் போலீஸ்காரர்தான். அவருக்குத் தூக்கத்துல நடக்குற வியாதி. தூக்கத்துலயே எல்லாத்தையும் பண்ணிட்டு, முழிச்சதும் தானே தேடிட்டு அலையுறார்."

அவர் ஒரு சிக்னல் நேரம் யோசித்தார். "நான் இடைவேளையிலேயே நெனச்சேன். அந்த ஆளு கண்ணைப் பாத்தியா? ஓரளவுக்குப் புடிச்சுட்ட."

திங்கட்கிழமை அவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார். எடுத்துக் கொடுக்க அவளும் மறந்துவிட்டாள் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அரைநாள் லீவு போட்டு அதைக் கொண்டுபோனாள். ஷோரூமுக்குப் பின்னால், டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் நின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு மனுஷன் தூக்கத்துல செய்யுற தப்புக்கு அவன் பொறுப்பா? அதுதான் படம் கேக்குற கேள்வி. இந்த மாதிரிக் கேள்விய எவனும் கேட்டதில்ல."

புதிதாகச் சேர்ந்திருந்த கேஷியர் பெண் கை கழுவப் போனவள் நின்றாள். "சார், நானும் நேத்து அந்தப் படம் பாத்தேன். அந்தப் பொண்ணு உயிரோடதான இருக்கா? தையல் கடை வெச்சிருக்காளே."

எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள். மாட்டிக்கொண்டார் என்று மனைவி நினைத்தாள். மேனேஜர் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார்.

"அது அந்தப் போலீஸ்காரன் காணுற கனவும்மா. மேலோட்டமாப் பாத்தா அப்படித்தான் தெரியும்."

"நானும் பாத்தேன் சார். கனவுன்னுதான் எனக்கும் பட்டுது," என்றார் வேன் டிரைவர். அவருடைய லீவு மனு மேனேஜர் மேஜையில் கிடந்தது. சேல்ஸ் பையன்கள் ரெண்டு பேரும் படத்தைப் பார்க்காமலே ஆமாம் போட்டார்கள். தான் கூசாமல் அள்ளிவிட்ட பொய் இப்படிக் கால் முளைத்து நடப்பதை அவள் டப்பாவைக் கையில் பிடித்தபடியே பார்த்தாள்.

கேஷியர் மட்டும் விடவில்லை. "எனக்குப் புரியல சார். நீங்க கூட இருந்தா இன்னொரு தடவை பாத்துப் புரிஞ்சுக்குவேன்."

இத்தனை பேருக்கு முன்னால் எப்படி மறுப்பார்? ஞாயிற்றுக்கிழமை ஷோரூமே கிளம்பியது, கூடவே அவளும். மேனேஜர் காலையில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, தியேட்டர் வாசலில் ரெண்டு காபியும் குடித்தார். பாப்கார்னைக் கையால்கூடத் தொடவில்லை. இடைவேளை முடிந்து போலீஸ் ஜீப் மலையேறியபோது விழித்துத்தான் இருந்தார். ஜீப் வளைவில் திரும்பும்போது அவர் கன்னம் வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டையும் வந்தது. படத்தில் யாருமே பேசாத, ரொம்ப அமைதியான காட்சி அது.

வரிசை முழுக்கத் தலைகள் திரும்பின. டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டார். கேஷியர் குனிந்து, "எப்பவுமே இப்படியாக்கா?" என்று கிசுகிசுத்தாள்.

"கல்யாணம் ஆனதுலேருந்து," என்றாள் அவள்.

விளக்குப் போட்டதும் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். "இப்பப் புரிஞ்சுதா?"

கேஷியர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. "நல்லாப் புரிஞ்சுது சார். எல்லாமே தூக்கத்துலதான் நடந்துச்சு."

டிரைவருக்குப் புரையேறிவிட்டது. சேல்ஸ் பையன்கள் அவரை முதுகில் தட்டியபடி வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள்.

காரில் பாதி வழியில் அவர் கேட்டார். "அந்தக் கேஷியர் பொண்ணு ஏன் தியேட்டர் வாசல்ல நின்னு அப்படிச் சிரிச்சா?"

"படம் பிடிச்சிருக்கும்."

"கடைசியில சிரிக்கிற மாதிரி என்ன இருந்துச்சு?"

"நீங்கதான் ரெண்டு தடவை பாத்தீங்களே. நீங்க சொல்லுங்க."

அவர் கியரை மாற்றினார். தேவையில்லாமல் ஒரு ஹாரன் அடித்தார். ரோட்டில் யாரும் இல்லை.

மறுநாளிலிருந்து ஷோரூமில் சாப்பாட்டு நேரம் சாப்பாட்டு நேரமாகவே கழிந்தது. டிரைவருக்கு லீவு கிடைக்கவில்லை. மேனேஜருக்கு ஒரு புதிய கொள்கை மட்டும் பிறந்தது: இந்தக் காலத்துப் படங்களுக்கு செகண்ட் ஹாஃபே தேவையில்லை.

அடுத்த வாரம், வீட்டை விட்டுப் போன அப்பாவைப் பிள்ளைகள் தேடும் படம் ஒன்றின் மதியக் காட்சிக்குப் போனார்கள். இடைவேளை விளக்கு எரிந்ததும் அவர் எழுந்து நின்றார். "போலாமா? இனிமே ஒண்ணும் இருக்காது."

"நீங்க போங்க. நான் பஸ்ல வர்றேன்."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சாவியை விரலில் சுற்றிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார். அவள் பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்தாள். ரெண்டு தோளையும் சாய்த்துக்கொண்டு, வாயில் ஈ போவது தெரியாமல் கடைசி வரை பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலிலேயே காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"கடைசியில அந்த அப்பா திரும்பி வந்தாரா, இல்லையா?" இந்தத் தடவை குரலில் வாத்தியார் இல்லை.

"ராத்திரி ஆட்டத்துக்கு டிக்கெட் இருக்கான்னு பாருங்க," என்று சொல்லிவிட்டு அவள் செருப்பைக் கழற்றி உள்ளே போனாள்.