றம்ஸியா கூனிச் சம்பல்

எங்கள் மகள் றம்ஸியா, தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரை விட்டு வந்த வள்ளத்தில் காய்ச்சலோடு ஏறினாள். கற்பிட்டியில் உயிரில்லாத மையித்தாகத்தான் இறக்கினோம். இரண்டு வயது.

பிறகு குறிஞ்சிப்பிட்டி அகதி முகாமில் நானும் என் கணவர் செய்னுலாப்தீனும் காய்ந்த கூனி இறாலை இடித்துச் சம்பல் செய்து விற்றோம். போத்தலில் அவள் பெயரை எழுதினோம். "கடைக்காரராவது அவளைக் கூப்பிடட்டும்" என்றார் அவர்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அந்தப் பெயரை வர்த்தகக் குறியாகப் பதியக் கொழும்புக்குப் புறப்பட்டார். படிவத்தை எட்டிப் பார்த்தேன். விலாசம் என்ற இடத்தில், நாங்கள் விட்டுவந்த மறிச்சுக்கட்டியை எழுதியிருந்தார்.

"அங்க வீடே இல்லையே. காடு."

"கட்டப்போறம்தானே. பதிவைப் பத்து வருஷத்தால புதுப்பிக்க வேணுமாம். அப்பவும் இந்தத் தகரக் கொட்டில்லயா கிடக்கப் போற நீ?"

"நான் கிடப்பன். நீங்க ஊருல தனியாச் சமைச்சுத் தின்னுங்க."

சிரித்தார். விலாசத்தை மாற்றவில்லை.

நாங்கள் ஊருக்குப் போகவில்லை. பத்தாவது வருஷம், புதுப்பிக்கச் சொல்லி அங்கே கடிதம் போயிருக்கும். வாங்க ஆளில்லை. அது கொரோனாக் காலம். அடுத்த வருஷம் அவர் மவுத்தானார். விதவை வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள் முடிந்ததும் நான் தனியாக இடித்தேன்.

பிறகொரு நாள் முந்தலில் எங்கள் சம்பலை விற்கும் கடைக்காரர் என் போத்தல்களைத் திருப்பித் தந்தார். "ஹமீட் முதலாளி அந்தப் பேரைப் பதிஞ்சிட்டாராம், ராத்தா. உங்கட சாமானை வெச்சா எனக்கும் வழக்காம்."

கடை அலுமாரியில் ஹமீடின் றம்ஸியா வரிசையாக இருந்தது. ஒன்றை வாங்கி, வாசலிலேயே திறந்து வாயில் வைத்தேன். மண் கடித்தது.

நான் போய்க் கேட்ட சட்டத்தரணி இல்லை என்று தலையை ஆட்டினார். "உங்கட பதிவு காலாவதியாப் போச்சு. முதல்ல பாவிச்சது நீங்கதான் எண்டு வழக்காடலாம். வருஷக்கணக்கா இழுக்கும்."

அதுவரை அவள் பெயரில் எத்தனை போத்தல் மண் போகும்! நேரே ஹமீடின் தொழிற்சாலைக்குப் போனேன்.

"தம்பி, அது என்ட மகள்ட பேரு. மவுத்தாப் போன புள்ள."

"றம்ஸியா எண்டு எங்கட தெருவுலயே நாலு பேர் இருக்கு, ராத்தா. நல்லா ஓடுற பேரு சும்மா கிடந்திச்சு, எடுத்தன். களவா?"

"வேற பேர் வைங்களன்."

"நீங்க வைங்க."

"அப்ப கூனியையாவது கழுவுங்க. மண் கடிக்குது."

"கழுவ ஆள் கிடைக்குதில்ல." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாறீங்களா?"

ஓம் என்றேன். இனி அந்தப் பெயரில் எதுவும் விற்கமாட்டேன் என்று எழுதிய தாளை நீட்டினார். அதிலும் கையெழுத்து வைத்தேன்.

இப்போது அவருடைய தொட்டியருகே நிற்கிறேன். "ஒரு தண்ணியில கழுவினாப் போதும், ராத்தா. சந்தைக்குத்தானே" என்று மேற்பார்வை பார்க்கிறவர் சத்தம் போடுகிறார். நான் கேளாதவள்போல அடுத்த வாளியை ஊற்றுகிறேன்.