நூறாவது வகுப்பும் அடித்த வரியும்

கூதிர்க்காலம் தன் ஈரத்தையெல்லாம் மண்ணில் இறக்கி வைத்துவிட்டு, முன்பனிக்கு வழிவிட்டு ஒதுங்கும் நாள்கள் அவை. மரங்கள் உதிர்க்க வேண்டியதை உதிர்த்துவிட்டு, நோன்பிருப்போர் போல் வாய்மூடி நின்றன. விடியல் தாமதித்தது, வந்த ஒளியும் வெண்துகில் போர்த்தே வந்தது. தெருவில் நடந்தோர் குரல் தாழ்த்திப் பேசினர். உலகமே யாருக்காகவோ மூச்சடக்கிக் காத்திருந்தது.

அவள் ஒருத்திதான் காத்திருக்க மாட்டாமல் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

அன்று அவளுக்கு நூறாவது வகுப்பு. பிலாட்டீஸ் என்னும் உடற்பயிற்சி கற்பிக்கும் அந்தக் கூடத்தை நடத்துபவள் அவளுடைய நாத்தனார். நாத்தனாரின் மேற்பார்வையில் நூறு வகுப்புகளை எடுத்து நிறைவு செய்தால், மாலையில் தேர்வாளர் அம்மையார் வந்து ஏடுகளைப் புரட்டிக் கையெழுத்திடுவார். அதன்பின் அவள் தனியே வகுப்பெடுக்கலாம். பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் கணவனின் இரவுப் பணிக்கும் நடுவே, இரண்டாண்டுகளாக ஒவ்வொன்றாய்ச் சேர்த்த நூறு.

"என்ன அண்ணி, கால் தரையில படலையே! பரீட்சை இந்த மாடியிலதான், ஆகாசத்துல இல்ல."

"உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்டி."

"வாங்குங்க. சாவியை எங்கண்ணன்கிட்ட குடுத்திடாதீங்க, தொலைச்சிடுவான்."

நூறாவதாக வந்தவர் நகரப் பேருந்து ஓட்டும் அக்கா. இருபதாண்டு ஓட்டுநர் இருக்கையில் இறுகிய இடுப்பைத் தளர்த்த வாரந்தோறும் வருபவர். அவர் பயில்வது ரிஃபார்மர் என்னும் இயந்திரத்தில். நீண்ட கட்டில் போன்ற அதன்மேல் ஒரு பலகை முன்னும் பின்னும் உருளும். அடியில் கோத்த ஸ்பிரிங்குகள் அதை இழுத்துப் பிடிக்கும். வலுவைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். மஞ்சள் மெலிது, படுத்துச் செய்யும் கைப்பயிற்சிக்குப் போதும். நின்று செய்வதற்குச் சிவப்பும் நீலமும் வேண்டும். மாற்றும்போதெல்லாம் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். வந்தவர் "சரி" என்ற பின்பே ஏறலாம். அக்கூடத்தின் முதற்சட்டம் அதுவே.

கைப்பயிற்சி முடிந்தது. மகிழ்ச்சி அவள் தொண்டைவரை நிரம்பியிருந்தது.

"ஏறி நில்லுங்கக்கா, கடைசி ஒண்ணு!"

நிறத்தை அவள் சொல்லவில்லை. மஞ்சள் மட்டுமே கோத்திருந்தது.

ஓட்டுநர் ஒரு காலை அசையா மேடையிலும் மறுகாலைப் பலகையிலும் வைத்தார். வில்லை விட்ட அம்பெனப் பலகை பாய்ந்தது. அவர் வலக்கால் மடங்கத் தரையில் விழுந்தார்.

"அசையாதீங்கக்கா!" அவள் கைகள் கற்றதை மறக்கவில்லை. காலைத் தலையணைமேல் உயர்த்தினாள், பனிக்கட்டிப் பையைத் துணியில் சுற்றி வைத்தாள், நாத்தனாரை அழைத்தாள்.

ஓட்டுநரோ சிரித்தார். "ஒண்ணுமில்லம்மா. என் பஸ் இதைவிடக் குலுக்கும். நாளைக்கு விடியக்காலை முதல் வண்டி என்னுது. இதையெல்லாம் எழுதிக்கிட்டிருக்காதே. உனக்கும் இன்னைக்கு நல்ல நாளு."

நாத்தனார் விபத்துப் பதிவேட்டை நீட்டினாள். விளையாட்டு அவள் முகத்தை விட்டு அகன்றிருந்தது. "பார்த்ததை எழுதுங்க அண்ணி. நோய்க்குப் பேர் வைக்காதீங்க, அது டாக்டர் வேலை."

அவள் எழுதினாள்: 'ஏறும்போது கால் வழுக்கியது.'

பொய்யென்று எவரும் சுட்ட முடியாத வரி. அதனோடு மாலைக் கையெழுத்தும் பத்திரம். நிமிர்ந்தாள். ஓட்டுநர் எழுந்து நின்று, பிரேக்கை மிதிப்பவர்போல் வலக்காலை மெல்ல ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊன்றிய கணத்தில் அவர் மூச்சு நின்றது. மறுகணம் மீண்டும் சிரித்தார்.

அந்த ஏட்டில் எதையும் அழிக்கக் கூடாது; ஒற்றைக் கோட்டால் அடித்து, அருகில் கையொப்பமிட வேண்டும். அவள் அடித்தாள். கீழே எழுதினாள்: 'நான் ஸ்பிரிங்கை மாற்றவில்லை. நிறத்தைச் சொல்லவில்லை. பலகை விலகியது. வலப்பாதம் உட்புறம் மடங்கியது. உடலெடை முழுதும் அதன்மேல் விழுந்தது. ஊன்றும்போது மூச்சைப் பிடிக்கிறார்.'

"இந்த நகலை டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா. இப்பவே."

"அடிப்பாவி, உன் நல்ல நாளை நீயே கெடுத்துக்கிறியே!" என்று திட்டியபடியே அவர் நாத்தனாரின் தோளைப் பற்றிப் படியிறங்கினார்.

பிற்பகலில் தொலைபேசி அலறியது. அதைவிட உரக்க, மருத்துவமனையிலிருந்து நாத்தனார் அலறினாள்.

"அண்ணி! கணுக்கால் எலும்புல முடி கணக்கா ஒரு விரிசல்! வீக்கமே இல்ல, சும்மா பார்த்தா சுளுக்குன்னு அனுப்பியிருப்பேன்னு டாக்டரே சொல்றாரு. உங்க சீட்டைப் படிச்சிட்டுத்தான் படம் எடுத்தாராம்! நாளைக்கு அவங்க பிரேக்கை ஓங்கி மிதிச்சிருந்தா? பஸ் நிறைய ஜனம், அண்ணி!"

அவள் சிரித்தாளா அழுதாளா என்பது அவளுக்கே விளங்கவில்லை.

மாலையில் தேர்வாளர் அம்மையார் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நெடுநேரம் படித்தார். காலில் கட்டுடன் திரும்பியிருந்த ஓட்டுநர் மூலை நாற்காலியிலிருந்து முந்திக்கொண்டார்: "என்னால அவளுக்குத் தடை வந்துடக் கூடாதும்மா. இருபது வருஷத்துல இப்பத்தான் எனக்கு பஸ்ஸுல ஜன்னல் சீட்டு கிடைக்கப் போகுது!"

அம்மையார் புன்னகைக்கவில்லை. அடித்த வரியை விரலால் தொட்டார். "இது மட்டும் இருந்திருந்தா நான் வந்த வழியே போயிருப்பேன். ஆனா அரைகுறையா நின்ன வகுப்பு கணக்குல சேராது. உனக்குத் தொண்ணூத்தொம்போதுதான்."

அவள் தலைகுனிந்தாள். அம்மையார் காலணியைக் கழற்றலானார்.

"என்ன பார்க்கிறே? எனக்கும் இடுப்பு இருக்கு. நூறாவது ஆளு நான்தான். ஏத்து!"

நாத்தனார் கைகொட்டினாள். அண்ணி குனிந்து ஒவ்வொரு ஸ்பிரிங்காகக் கோத்து, இழுத்துப் பார்த்து, கூடம் அதிரக் கூவினாள்: "சிவப்பு ஒண்ணு! நீலம் ஒண்ணு!"

"சரி!" என்றார் அம்மையார்.

"சரி!" என்று மூலையிலிருந்து ஓட்டுநரும் முழங்கினார்.

கையெழுத்து விழுந்தது. ஆரவாரம் அடங்கியபின், அவள் பலகையை ஈரத்துணியால் துடைத்தாள். ஸ்பிரிங்குகளை அவற்றின் கொக்கிகளில் ஓய வைத்தாள். அவ்வியந்திரத்தின் முன் முழந்தாளிட்டு, கைகுவித்துக் கண்மூடினாள். அவள் உதடுகள் மட்டும் அசைந்தன.

மூலை நாற்காலியிலிருந்து ஓட்டுநரின் கை நீண்டு அவள் உச்சியில் படிந்தது.

"நல்லா இரும்மா. உன் கைபட்ட கால் ஒவ்வொண்ணும் நோகாம நடக்கட்டும்."