திருமூர்த்தி வீட்டு இணைச்சீர்

சாப்பாட்டு மேசையில், சட்னிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், அந்தக் கை கிடந்தது. கோயம்புத்தூரில் அளவு சொல்லிச் செய்த ரப்பர் கை. நகத்துக்குச் சாயம்கூடப் பூசியிருந்தார்கள். அம்மா சுப்பாத்தாள் அதற்குத் தங்க வளையலை மாட்டி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி அழகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டுப் பாரு கண்ணு. போட்டோவுல வித்தியாசமே தெரியாதாமா" என்றார் அப்பா திருமூர்த்தி.

தரணி தன் இடது முழங்கையைப் பார்த்தாள். அதற்குக் கீழே பிறவியிலேயே ஒன்றும் கிடையாது. அந்த ஒன்றுமில்லாததை வைத்துக்கொண்டுதான் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆசிய நீச்சல் போட்டியில் வெள்ளி வாங்கி வந்திருந்தாள்.

திருமூர்த்தி பல்லடம் ரோட்டில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். தன் பேச்சுக்குத் தானே முதலில் கைதட்டுகிற ரகம். மகள் ஜெயித்த வாரமே திருப்பூர் முழுக்க ஃபிளெக்ஸ் வைத்தார். அதில் அவர் ஆளுயரத்துக்கு நின்றார். மகள் ஒரு மூலையில், கழுத்து வரைக்கும் தண்ணீருக்குள் இருந்தாள். அந்தப் படம்தான் எடுப்பாக இருக்கிறது என்று டிசைன் செய்தவரிடம் அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தார்.

இப்போது இரண்டாவது மகன் நித்தீஷுக்குக் கல்யாணம். வெள்ளி வாங்கிய நாத்தனார் வாய்க்கிறாள் என்பதில் கணியூர்ப் பெண் வீட்டாருக்குப் பெருமை தாங்கவில்லை. இணைச்சீரை அவள்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

தாலிக்கு முன்னால் மாப்பிள்ளையும் உடன்பிறந்தவளும் சேர்ந்து நிற்கிற சடங்கு அது. கூறைப்புடவையின் ஒரு முனை அவன் கக்கத்தில், மறுமுனை அவள் கையில். சீர் முடிந்த பிறகுதான் புடவை மணப்பெண்ணுக்குப் போகும். அதை உடுத்திக்கொண்டு வந்தால்தான் தாலி.

மூத்தவன் சதீஷ்குமார் கல்யாணத்தில் இதைச் செய்தது பெரியப்பன் மகள். குறையுள்ள உடம்பு சீருக்கு நிற்கக் கூடாது என்று சடங்கு நடத்தும் அருமைக்காரர் சொல்லவில்லை. அவரை யாரும் கேட்கவே இல்லை. திருமூர்த்தியே தீர்ப்பு எழுதி, பதினெட்டு வயசுத் தரணியை மண்டபத்து மாடி அறையில் வைத்துப் பூட்டினார். விசாரித்தவர்களிடம் காய்ச்சல் என்றார். கீழே நாதஸ்வரம் வாசித்தார்கள். மாடிக்கு இலை வந்தபோது பாயசம் தீர்ந்துபோயிருந்தது.

அடுத்த மாதமே அவள் நீச்சல் பழகப் போனாள். முதல் குளத்தில், மற்றப் பிள்ளைகள் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று வெளியே அனுப்பினார்கள். இரண்டாவது குளத்தில் பயிற்சியாளராக இருந்தவர் ராபின், தூத்துக்குடிக்காரர். "ஏ புள்ள, இருக்கது ஒரு கைதான. அப்ப அதுக்கு ரெண்டு கை பலம் வேணும்லா" என்றவர், தண்ணீரில் விடுவதற்கு முன் அந்த ஒரு கையாலேயே இரும்புக் கம்பியில் தொங்கவிட்டார். மாவட்டம், மாநிலம், தேசம் என்று போனாள். கூட நீந்தியவர்கள் பதக்கத்தை நினைத்து நீந்தினார்கள். தரணி ஒரு கதவை நினைத்து நீந்தினாள்.

அதனால், "செய்யறேனுங்கப்பா" என்று அவள் சொன்னபோது சுப்பாத்தாளுக்கே ஆச்சரியம்.

முகூர்த்தத்தன்று காலையில் குட்டைக் கை வைத்த ரவிக்கையோடு மேடையேறினாள். ரப்பர் கையைக் காணோம். திருமூர்த்தி சபையைப் பார்த்துச் சிரித்தபடி, பல்லுக்குள்ளேயே அது எங்கே என்று கேட்டார்.

"ஊட்டுல இருக்குதுங்கப்பா. அதுக்குக் காய்ச்சல்."

அருமைக்காரர் புடவையைக் கொசுவி ஒரு முனையை நித்தீஷின் கக்கத்தில் செருகினார். மறுமுனையைத் தரணியிடம் கொடுத்தார். பாட்டு, அரிசி, வாழ்த்து எல்லாம் ஒழுங்காக நடந்தன. முடிந்ததும் புடவையை வாங்கக் கையை நீட்டினார். தரணி விடவில்லை.

சாதனை மகளைப் பெற்ற தந்தை என்ற முறையில் நன்றியுரை ஆற்றுவதற்காகத் திருமூர்த்தி அப்போதே மைக்கைக் கையில் பிடித்திருந்தார்.

"சதீஷண்ணன் கல்யாணத்துல நான் ஏன் சீருக்கு வரலைன்னு சபையில சொல்லுங்கப்பா. சொன்னா விட்டுடறேன்."

"வெளையாடாத கண்ணு. நேரம் போகுது."

"போகட்டுங்க."

நித்தீஷ் மெல்ல இழுத்துப் பார்த்தான். தாய்மாமன் பலமாக இழுத்துப் பார்த்தார். பட்டு கிழியப்போகிறது என்று சுப்பாத்தாள் அழுதாள். மணப்பெண் புடவைக்காகக் காத்திருப்பதாக உள்ளேயிருந்து ஆள் மேல் ஆள் வந்தது. கணியூர்ச் சம்பந்தி எழுந்து வந்து, என்ன சங்கதி என்று விசாரித்தார்.

காய்ச்சல் என்று ஆரம்பித்தார் திருமூர்த்தி. தரணி புடவையை இன்னொரு சுற்றுச் சுற்றிப் பிடித்தாள்.

"நான்தானுங்க மாடியில வெச்சுப் பூட்டுனேன்." மைக்கில் அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "கையில்லாத புள்ள சீருக்கு ஆகாதுன்னு..."

பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட அப்படியே நின்றார்கள்.

வீடியோ எடுத்துக்கொண்டிருந்த வேல்குமார் காமிராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். தொழிலில் சுத்தமானவர்.

"சார், கடைசியில சவுண்டு சரியா விழலீங்க. இன்னொருக்காச் சொல்லீருங்க."

திருமூர்த்தி மகளைப் பார்த்தார். புடவை இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"சொல்லுங்கப்பா" என்றாள் தரணி. "மைக்கக் கொஞ்சம் கிட்ட வெச்சுக்குங்க."