ரேடியோ வெட்டிய பத்தி

அந்தத் தெருவில் சலூன் வைத்திருந்தவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் கடைக் கதவைத் தூக்கும்போது திறக்கிற வாய், ராத்திரி கதவை இறக்கும்போதுதான் மூடும். யார் வீட்டில் கல்யாணம் கூடிவந்தது, யார் மகன் பரீட்சையில் கோட்டை விட்டான் என்று எல்லாம் அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். கழுத்தில் துண்டைக் கட்டியபின் எழுந்து ஓடவா முடியும்? ஆனால் தன் கதையை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. இவ்வளவு பேசுகிறவருக்குள் பேசாத ஒன்று இருக்கும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அந்தக் கதை தெருக்கோடி நூலகத்தில் இருந்தது. மனைவி இருந்த காலத்தில், கடைக்கு விடுமுறையான நாளில் இருவரும் அங்கே நடந்து போவார்கள். அவள் உள்ளே போய்ப் புத்தகம் தேடுவாள். இவர் வாசற்படியில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடம் அளந்துகொண்டிருப்பார்.

"உள்ளதான் வாங்களேன்" என்பாள்.

"உள்ள வந்தா வாயை மூடணும். அதுக்கு நான் செத்தே போகலாம்."

செத்துப்போனது அவள்தான். அவள் கட்டிலருகே கிடந்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் அவர் முதல்முறையாக அந்தப் படியைத் தாண்டினார்.

அது பழைய புத்தகம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு, புத்தகத்தை எடுத்த தேதியையும் எடுத்தவரின் உறுப்பினர் எண்ணையும் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தாளில் எழுதுவார்கள். அதில் 318 என்று இருந்தது. அவளுடைய எண். இதே புத்தகத்தை அவள் முன்பும் ஒருமுறை எடுத்திருக்கிறாள். தேதியைப் பார்த்தார். மகள் டைபாய்டில் கிடந்த வாரம் அது. மடியில் குழந்தையின் தலை, கையில் புத்தகம் என்று அவள் விடியவிடிய உட்கார்ந்திருந்தது அப்படியே கண்முன் வந்து நின்றது. ரேடியோ புத்தகத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டு, பக்கத்து அலமாரியிலிருந்து இன்னொன்றை உருவிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

அதிலிருந்து பன்னிரண்டு வருடமாக, மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் நூலகத்துக்குப் போய்விடுவார். ஒவ்வொரு அலமாரியாகத் துழாவி, 318 இருக்கிற புத்தகங்களை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். கதை ஒரு பக்கம் ஓடும், அந்தத் தேதி இன்னொரு பக்கம் ஓடும். கூரை ஒழுகிய மாதம், மாமனார் வந்து தங்கிய மாதம், எல்லாம் அலமாரியில் வரிசையாக இருந்தன. ஒருமுறை அவள் கோபித்துக்கொண்டு ஒன்பது நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஒன்பது நாளும் அம்மணி படித்தது ஒரு சிரிப்புக் கதை என்று கண்டுபிடித்தபோது ரேடியோ வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நூலகர் கண்ணாடிக்கு மேலே முறைத்தார்.

புத்தகங்களை அவர் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து அவற்றைத் திறக்க மனசு வரவில்லை. அங்கேயே ஜன்னலோர மேசையில் படித்துவிட்டு, அதே இடத்தில் செருகிவிட்டு வருவார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. நூலகத்தை மூடிவிட்டு, கட்டடத்தை நகரசபையின் பழைய கோப்புகள் வைக்க எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். அடுத்த மாதம் நகரசபை உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள்.

வாசகர் வட்டம் கூடியது. நூலகர் கதவைச் சாத்திவிட்டு மெல்லச் சொன்னார்: "நான் சம்பளக்காரன், நான் பேசக் கூடாது. நீங்கதான் நகரசபை உறுப்பினர்களைப் போய்ப் பார்க்கணும். ஒரே பக்கம், ஒரே கோரிக்கை. அதுக்கு மேல எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க."

படிக்கிறவர்களிடம் போய் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் நடக்கிற காரியமா? ஆளுக்கொரு பத்தி எழுதி, மனு இருபத்து மூன்று பக்கம் வந்து நின்றது. வட்டத்தின் தலைவி ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் அதைத் தூக்கி ரேடியோ மடியில் போட்டார்.

"வெட்டுறது உங்க தொழில்தானே அண்ணே. முகம் தெரியற மாதிரி வெட்டிக் கொடுங்க."

ரேடியோ பேனாவை எடுத்தார். தானும் ஒரு பத்தி எழுதியிருந்தார். 318, டைபாய்டு, ஒன்பது நாள் எல்லாம் அதில் இருந்தது. முதலில் வெட்டியது அதைத்தான். ஊர்ப் பொது விஷயத்தில் தன் வீட்டு விஷயம் எதற்கு என்று நினைத்தார். வெட்கமாகவும் இருந்தது.

அந்த வார்டின் நகரசபை உறுப்பினர் அம்மா நேரிலேயே வந்து பார்ப்பதாகச் சொன்னார். வாசகர்கள் எங்கே சந்திப்பு வைப்பார்கள்? வாசிப்பு அறையில் வைத்தார்கள். அதுதான் தப்பாகப் போனது. வருடக்கணக்காக வாய் திறக்காத அறையில் ஒருவருக்கும் குரல் எழும்பவில்லை. நர்ஸ் கிசுகிசுத்தார். பத்து தெரு கேட்கப் பேசுகிற ரேடியோவும் கிசுகிசுத்தார்.

"கொஞ்சம் சத்தமா பேசுங்களேன்" என்றார் உறுப்பினர். முயன்று பார்த்தார்கள், வரவில்லை. கடைசியில் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் கிசுகிசுக்க ஆரம்பித்துவிட்டார்.

மனுவை முழுவதும் படித்தார். ஒரு பக்கம்தானே. பிறகு ரேடியோவைப் பார்த்தார். "இதெல்லாம் சரி. உங்களுக்கு இங்க என்ன இருக்கு?"

ரேடியோவுக்குத் தொண்டை வரை வந்தது. சுற்றிலும் பதினோரு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்கு வேற இடம் இல்லம்மா" என்றார். அது பொய்யில்லை. அவர் மனதில் இருந்தது அதுவும் இல்லை.

அதன்பின் நர்ஸ் விடவில்லை. ஒவ்வொரு உறுப்பினரையும் அவருக்கே வாக்களித்த வாசகர் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும் என்று பட்டியல் போட்டு அனுப்பினார். வாக்கெடுப்பில் எட்டுக்கு ஐந்து, நூலகம் பிழைத்தது. அதோடு, பிள்ளைகள் படிக்கப் பெரிய மேசைகளும் புதுப் புத்தகங்களும் வாங்க நிதியும் ஒதுக்கினார்கள். ரேடியோ ஒரு வாரம் கடையில் வெற்றிக் கதையையே ஒலிபரப்பினார்.

எட்டாம் நாள் மத்தியானம் நூலகத்துக்குப் போனார். பின் அலமாரிகள் காலியாக இருந்தன. தரையில் கயிறு கட்டிய புத்தகக் கட்டுகள் கிடந்தன.

"பத்து வருஷமா யாரும் எடுக்காத புத்தகங்களைக் கழிக்கச் சொல்லிட்டாங்க. மேசை போட இடம் வேணுமே" என்றார் நூலகர். "நாளைக்குக் காலைல லாரி வருது."

"யாரும் எடுக்கலையா? நான் தினமும் எடுத்தேனே."

"நீங்க இங்கயே படிச்சிட்டு வெச்சிடுவீங்க. கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?"

ரேடியோ ஒரு கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நோட்டைப் பிரித்துக் காட்டி, வெட்டிய பத்தியை வாயால் சொன்னார். நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை அன்னைக்கே உறுப்பினர் அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே."

மறுநாள் கடை திறக்கவில்லை. உறுப்பினர் மக்களைச் சந்திக்கிற அறையின் வாசலில், வரிசையில் முதல் ஆளாக நின்றார். கையில் மனு இல்லை.

"அதான் ஜெயிச்சிட்டீங்களே, இன்னும் என்ன?" என்று சிரித்தார் உறுப்பினர்.

"அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் சரியா பதில் சொல்லலம்மா" என்றார் ரேடியோ. "என் பொண்டாட்டி படிச்ச புத்தகம் எல்லாம் அங்க இருக்கு. இன்னைக்கு லாரில ஏத்துறாங்க. எனக்கு அது வேணும்."

வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். பிறகு முழுவதும் சொன்னார். கேட்டு முடித்ததும் உறுப்பினர் போனை எடுத்து, லாரியை நிறுத்தச் சொன்னார்.

"இன்னும் எத்தனை புத்தகம் பாக்கி?"

"நூத்திப் பதினாறு."

"சரி. நீங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்."

ரேடியோ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ரொம்ப மெதுவாத்தான் படிப்பேன்மா" என்றார்.